ஓடியதற்கு எத்தனை மதிப்பெண்?

பாடம் நடத்துவதைவிட மதிப்பெண் இடுவது கடினமான வேலை. ஏறத்தாழ முப்பதாண்டுகளாக அரபியும் தமிழும் கற்பித்து வரும் எனக்கு இது தெரியாத செய்தியன்று. எனினும், கையகல இயந்திர வண்டி ஒன்றுக்கு மதிப்பெண் இட வேண்டிய நிலை 2024ஆம் ஆண்டின் இறுதியில் வாய்த்தபோதுதான், அந்தக் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் காண முடிந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் கொண்டுவரும் மதிப்பெண் பட்டியலில் கையொப்பம் இடுகின்ற பெற்றோர் எல்லாருக்கும் இதில் பங்குண்டு என்பதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

அரபி ஆசிரியருக்கும் ரோபோவுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் வினவக் கூடும். நான் பணியாற்றும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் ஆசிரியை ஒரு செயல்திட்டம் வகுத்தார். 24 பிள்ளைகள், நால்வர் கொண்ட ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு சிறு வண்டியைக் கட்டி, அதற்கு நிரல் எழுதி, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மீது அது தானாகவே ஓடும்படி செய்ய வேண்டும். முதல் இரண்டு இடங்களைப் பெறுகின்ற குழுக்கள் மாவட்டக் கண்காட்சிக்குச் செல்லும். இதற்கான நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதி, "ஹஜ்ரத், ஒற்றுப்பிழை இருந்தால் மட்டும் பார்த்துத் தாருங்கள்" என்று ஆசிரியை என்னிடம் கொடுத்தார். ஒற்றுப்பிழைகள் இரண்டே இருந்தன. பொருட்பிழைகள் என்று சொல்ல முடியாவிட்டாலும், பொருள் மயக்கங்கள் ஏழெட்டு இருந்தன.

அவற்றைச் சொல்லுமுன் வண்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஆர்டுயினோ என்னும் உள்ளங்கையளவுப் பலகைதான் அதன் மூளை. 2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் பயிலாத மாணவரும் கையாள வேண்டும் என்ற நோக்கத்தோடு உருவான பலகை அது. வண்டியின் மூக்குக்கு அடியில், தரையைப் பார்த்தவாறு, கோட்டுக்கு இருபுறமும் இரண்டு சென்சார்கள். அவை நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளக்கின்றன. வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு அதை விழுங்கிவிடும். அளந்த ஒளியைப் பலகை 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றும். எங்கள் பிள்ளைகள் கட்டிய முறையில் வெள்ளைக்குச் சிறிய எண், கறுப்புக்குப் பெரிய எண். இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் எல்லை எண்ணை நிரலில் எழுதி வைப்பார்கள். அதற்கு மேலிருந்தால் கறுப்பு, கீழிருந்தால் வெள்ளை. இடப்புறச் சென்சார் கறுப்பைக் கண்டால் வண்டி இடப்புறம் திரும்பும். வலப்புறச் சென்சார் கண்டால் வலப்புறம் திரும்பும். நிரலின் உயிர் இவ்வளவுதான்.

இனித் தாளுக்கு வருவோம். "தடை வந்தால் வண்டி நிற்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. எவ்வளவு தொலைவில் வந்தால்? நின்ற பிறகு என்ன? தடையை எடுத்தால் மீண்டும் ஓட வேண்டுமா? இந்த வண்டி தடையை ஒலியால் அறிகிறது. நம் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, எதிரொலி வரும்வரை காலத்தை எண்ணுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே 15 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள தடையைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே ஆகும். ஆனால் தடையாக ஒரு மெத்தென்ற துணிப்பையை வைத்தால் அது ஒலியை உறிஞ்சிவிடும். பலகையைச் சாய்த்து வைத்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். அப்பொழுது வண்டி முட்டிக்கொள்ளும். பிள்ளையின் நிரலில் யாதொரு குறையும் இராது. ஆகவே தடை என்பது இன்னது என்று தாளிலேயே சொல்லியாக வேண்டும்: நேராக நிறுத்தி வைத்த அட்டைப் பெட்டி, இத்தனை அகலம், இத்தனை உயரம்.

"வண்டி மூன்று சுற்று ஓட வேண்டும்" என்பது மற்றொன்று. ஒரே வாய்ப்பிலா? வாய்ப்புகள் எத்தனை? பலவாயின் சிறந்ததைக் கொள்வதா, சராசரியைக் கொள்வதா? நான் கேட்கக் கேட்க ஆசிரியை சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். இரண்டு வாய்ப்புகள், அவற்றுள் சிறந்தது கணக்கில் கொள்ளப்படும் என்று முடிவாயிற்று. "நிரலை மாணவர்களே எழுத வேண்டும்" என்ற வரியில்தான் இருவருக்கும் கருத்து மாறுபட்டது. எழுதுவது என்றால் முதலெழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை தாமே எழுதுவதா, பிறர் எழுதியதைத் தழுவிக் கொள்ளலாமா என்று நான் கேட்டேன். "முழுக்க எழுதச் சொன்னால் ஒருவராலும் முடியாது, ஹஜ்ரத். மோட்டாரை ஓட்டும் பகுதியையும் எதிரொலியை எண்ணும் பகுதியையும் எல்லாருமே வலைத்தளத்திலிருந்துதான் எடுக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னதும் மெய்தான். அந்த வரி, "நிரலை மாணவர்களே வண்டியில் ஏற்றி இயக்க வேண்டும்" என்று தளர்த்தப்பட்டது.

தேவையைச் சொற்களால் வரையறுப்பதும், செய்தவன் தான் எதை எவரிடமிருந்து பெற்றான் என்று சொல்வதும் இன்று நேற்றுப் பிறந்த வழக்கங்கள் அல்ல. அல்ஜஸரீ என்னும் பொறிவல்லுநர், இன்று துருக்கியில் தியார்பக்கிர் என வழங்கும் ஆமித் நகரில், அர்த்துக்கிய அரசர்களின் அவையில் இருந்தவர். 1206ஆம் ஆண்டு முடிவுற்ற அவருடைய நூலில் 50 கருவிகளின் அமைப்பு விளக்கப்பட்டுள்ளது. ஒளுச் செய்யும்போது பணியாளோ பணிப்பெண்ணோ தம் கையில் நீர் ஊற்றுவதை மன்னர் விரும்பவில்லை. அதற்கென ஒரு கருவி செய்து தருமாறு கேட்டார் என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. அவர் செய்த கருவிக்கு மதிப்பெண் இட்டவர் மன்னரே. அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. நீரூற்றுகளைப் பற்றிய பகுதியில், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மூஸாவின் மைந்தர்களான மூன்று சகோதரர்களின் அமைப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய ஊற்று வடிவம் மாறுவதற்கு விட்ட இடைவெளி மிகக் குறுகியது, ஆகவே தாம் வேறு வழியை மேற்கொண்டதாக எழுதுகிறார். இன்னாரிடமிருந்து இதைக் கண்டேன், இன்ன இடத்தில் அது போதவில்லை, இப்படி மாற்றினேன் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. எந்தச் செயல்திட்ட அறிக்கைக்கும் இதைவிட நல்ல முன்மாதிரி தேட வேண்டியதில்லை. இவ்வகைக் கருவிகளுக்கு அரபியில் ‘ஹியல்’ என்று பெயர், ஒருமை ‘ஹீலா’. பொறி என்றும் பொருள், தந்திரம் என்றும் பொருள். எங்கள் பள்ளியில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒரே நாளில் பார்த்தோம்.

நிபந்தனைகள் திருத்தப்பட்டன என்றேன். மதிப்பெண் பங்கீடோ ஒரு வாரம் முன்பே பிள்ளைகளுக்கு அறிவிக்கப்பட்டு வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டது. ஓட்டத்துக்கு 60, அதாவது சுற்றுக்கு 20, தோற்றத்துக்கு 20, நின்று பேசி விளக்குவதற்கு 10, அறிக்கைக்கு 10. தலைமையாசிரியர், அறிவியல் ஆசிரியை, நான் என மூவர் நடுவர்கள். அறிக்கையின் தமிழைப் பார்ப்பதற்காக என்னைச் சேர்த்தார்கள்.

ஓட்டம் நடைபெற்ற நாளன்று பார்வையாளருக்கு இடம் வேண்டுமென்று ஆய்வகத்திலிருந்து கோட்டுத் தாளை மண்டபத்துக்கு மாற்றினார்கள். கிழக்குப் பார்த்த சாளரங்கள். காலை பத்து மணி வெயில் தாளின் மீது சாய்வாக விழுந்தது. நான்கு பெண்பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவின் வண்டி, கோட்டில் வைத்த மாத்திரத்தில் நேரே போய்ச் சுவரில் முட்டிற்று. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் சுவர். இரண்டு மாதம் பள்ளி முடிந்தபின் இருந்து இருந்து கட்டிய வண்டி. அக்குழுவின் தலைவி மெலிந்த, அதிகம் பேசாத பிள்ளை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் வாய்ப்பில் அவர்களுக்குக் கிடைத்தது 60க்குச் சுழியம்.

அடுத்து வந்த குழுவின் வண்டி வழவழப்பான பிளாஸ்டிக் உடலும் மின்னும் விளக்குகளும் உடையது. மூன்று சுற்றும் தேர் போல ஓடிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். நிரலை அச்சிட்டு அறிக்கையில் இணைத்திருந்தார்கள். நான் அதில் ஒரு வரியைத் தொட்டு, "தம்பி, இங்கே 500 என்று ஓர் எண் இருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டேன். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன், "அது அப்படியே இருக்கணும் ஹஜ்ரத். மாத்தினா ஓடாதுன்னு கடைக்கார அண்ணன் சொன்னாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வண்டியையும் நிரலையும் ஒரு கடையில் 3,500 ரூபாய் கொடுத்து அவன் தந்தையார் வாங்கித் தந்திருந்தார். நிரலைத் தாங்களே பலகையில் ஏற்றினார்கள். ஆகவே தாளின்படி அவர்கள் மீது குற்றம் இல்லை. தந்தையாரையும் நான் அறிவேன். நல்ல மனிதர். பிள்ளை நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்பதற்கு மேல் அவருக்கு வேறு எண்ணம் இல்லை.

இதற்கிடையில் அந்தப் பெண்பிள்ளை என்னிடம் வந்து, "ஹஜ்ரத், ரெண்டாவது வாய்ப்பை இப்பவே எடுக்கணுமா? இடைவேளைக்கு அப்புறம் எடுக்கலாமா?" என்று கேட்டாள். தாளில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. தடுக்கும் சொல் இல்லாதபோது தடுக்க நமக்கு உரிமையில்லை என்று நான் சொன்னேன், தலைமையாசிரியரும் ஒத்துக்கொண்டார். எல்லாக் குழுக்களுக்கும் அதே சலுகை என்று அறிவித்தார்.

இடைவேளையில் அவர்கள் செய்ததை அருகில் இருந்து பார்த்தேன். முதலில் வண்டியைக் கையில் பிடித்துக் கோட்டின் மேலும் வெள்ளையின் மேலும் மாற்றி மாற்றி வைத்து, கணினித் திரையில் எண்களைப் படித்தாள் ஒருத்தி. மற்றொருத்தி குறிப்பேட்டில் எழுதினாள். ஆய்வகத்தில் வெள்ளைக்கு 180, கறுப்புக்கு 780. நடுவே எல்லை எண் 480 என்று பழைய பக்கத்தில் இருந்தது. மண்டபத்து வெயிலில் வெள்ளைக்கு 60, கறுப்புக்கு 260. சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு; அது சென்சாருக்குள் புகுந்து, கறுப்பையும் வெளுப்பாகக் காட்டிவிட்டது. 480ஐ எல்லையாகக் கொண்ட வண்டிக்கு மண்டபம் முழுவதும் வெள்ளை. கோடே இல்லாத உலகில் அது நேரே போனதில் வியப்பென்ன? எல்லை எண்ணைக் கையால் மாற்றாமல், புறப்படுமுன் இரண்டு வினாடி தரையை அளந்து, கண்ட பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் நடுவெண்ணை வண்டியே கணக்கிட்டுக் கொள்ளும்படி நிரலில் ஏழெட்டு வரிகளைச் சேர்த்தார்கள். வண்டி 160 என்று கணக்கிட்டது.

இரண்டாம் வாய்ப்பில் இரண்டு சுற்று ஓடியது. மண்டபமே ஆரவாரித்தது. ஆரவாரித்த பிள்ளைகள் பார்ப்பதற்காக முன்னே நெருங்கினார்கள். அவர்களுடைய நிழல் தாளின் ஒரு பகுதியில் விழுந்தது. நிழலில் வெள்ளையின் எண் பழையபடி 180க்கு ஏறிற்று. 160ஐ எல்லையாகக் கொண்ட வண்டிக்கு வெள்ளையே கறுப்பாயிற்று. மூன்றாவது சுற்றில் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் தத்தளித்து நின்றுவிட்டது. இதை எனக்கு விளக்கியவள் அந்தத் தலைவிதான், வண்டி நின்ற அரை நிமிடத்துக்குள். கடை வண்டி அதே வெயிலில் ஓடியதன் காரணமும் அவளுக்குத் தெரிந்திருந்தது: அதன் சென்சார்கள் பிளாஸ்டிக் உடலுக்குள் தரையை ஒட்டி மறைந்திருந்தன, வெயில் உள்ளே புகவில்லை. அந்த வண்டிக்கு உரியவர்களுக்கோ அது ஏன் ஓடியது என்பது இன்றுவரை தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

மதிப்பெண் கூட்டினோம். கடை வண்டிக்கு ஓட்டம் 60, தோற்றம் 19, பேச்சு 7, அறிக்கை 5, ஆக 91. பெண்பிள்ளைகளுக்கு 40, 8, 8, 9, ஆக 65. ஆறு குழுக்களில் நான்காம் இடம்.

ஆசிரியையின் கண்கள் கலங்கிவிட்டன. எதையாவது செய்ய முடியாதா என்று கேட்டார். தலைமையாசிரியர் அசையவில்லை. முன்கூட்டி அறிவித்துச் சுவரில் ஒட்டிய தாளை, முடிவு தெரிந்தபின் திருத்துவது நீதியாகாது என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நமக்குப் பிடித்த பிள்ளைக்காக இன்று திருத்தினால், நாளை பிடிக்காத பிள்ளைக்கு எதிராகவும் திருத்தலாம். 91 அப்படியே நின்றது. கடை வண்டி மாவட்டக் கண்காட்சிக்குச் சென்றது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான தாளை இப்போதே எழுதுவோம் என்று ஆசிரியையிடம் சொன்னேன். மதிப்பெண் எதை அளக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் விவாதம். அவர் கட்சி வலுவானது. "சுற்று என்பது யாருக்கும் சார்பில்லாத அளவு, ஹஜ்ரத். ஓடினால் ஓடியது, நின்றால் நின்றது. வாய்மொழிக் கேள்வி என்று வைத்தால் நடுவரின் மனம்போல் ஆகிவிடும். வாயாடிப் பிள்ளை ஜெயிக்கும், கூச்சப்படும் பிள்ளை தோற்கும்" என்றார். மறுக்க முடியாத வாதம். ஆனால் சார்பில்லாத அளவுகோல் தவறான பொருளை அளந்துகொண்டிருந்தால் அதன் நடுநிலையால் யாருக்கு என்ன பயன்? மேலும் 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, இப்படிப்பட்ட ஒரு நிரலைப் பெறக் கடைக்குக் கூடப் போக வேண்டியதில்லை; கேட்டால் சில நொடிகளில் கிடைக்கிறது. ஓட்டத்துக்கு 60 என்று இனியும் வைத்தால், 60ஐயும் யாரோ ஒருவருக்கு இடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு இடவில்லை.

இவ்விடத்தில் என் மதரஸா நாள்கள் எனக்குக் கைகொடுத்தன. 1980களில் நாங்கள் ஓதிய கிதாபுகளில் ஸபர், ஸேர், பேஷ் ஒன்றும் இராது. வெறும் மெய்யெழுத்து வரிசை. அதை உயிர்க்குறி இட்டு வாசிப்பதே தேர்வு. இலக்கணம் விளங்காமல் சொல்லின் இறுதியில் சரியான குறி வராது. ஆயினும் மனப்பாடம் செய்து வந்து தடையின்றி வாசிப்பவர்களும் எங்களிடையே இருந்தார்கள். உஸ்தாத் அவர்களை ஓடவிட்டுப் பாதியில் நிறுத்துவார். "இங்கே ஏன் பேஷ்?" என்பார். எழுவாய் என்று விடை வந்தால் போதாது. அதே வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றி, "இப்போது வாசி" என்பார். எழுவாயின் முன்னே ‘இன்ன’ என்ற சிறு சொல்லை வைத்தால் பேஷ் ஸபராக மாறிவிடும். மனப்பாடம் அங்கே நின்றுவிடும்; விளங்கியவன் மட்டும் மேலே செல்வான். ஒரு சொல், அரை நிமிடம், எந்தக் கருவியும் வேண்டாம்.

நிரலுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. "தடைக்கு 15 சென்டிமீட்டருக்கு முன் நிற்கும் வண்டியை 25 சென்டிமீட்டருக்கு முன் நிற்கச் செய்" என்று சொன்னால், எழுதியவள் எந்த எண்ணை மாற்றுவது என்று அறிவாள். "முதல் சுற்றில் இடப்புறமும் இரண்டாம் சுற்றில் வலப்புறமும் விலகிச் செல்" என்றால் சற்றே யோசிப்பாள், பிறகு செய்வாள். 2004ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடில், அதுவரை அறிவிக்காத ஒரு விதியைப் போட்டி நாளன்று காலையில் சேர்க்கும் வழக்கம் உண்டென்று ஆசிரியையே எடுத்துக் காட்டினார். எங்கள் உஸ்தாத் செய்ததும் அதுதானே என்று எனக்குப் பெருமிதமாக இருந்தது. ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியின் விதிகளையும் பார்த்தோம். 2024-25ஆம் பருவத்தில் ரோபோ இரண்டரை நிமிடம் களத்தில் ஓடிப் பெறும் மதிப்பு நான்கில் ஒரு பங்குதான். வண்டியை எப்படி வடிவமைத்தார்கள் என்ற விளக்கத்துக்கு ஒரு பங்கு, ஆய்வுத் திட்டத்துக்கு ஒரு பங்கு, ஒருவரோடொருவர் எப்படி ஒத்துழைத்தார்கள் என்பதற்கு ஒரு பங்கு. களத்தில் மூன்று முறை ஓடவிட்டு, சிறந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுத்தார்கள்.

வாயாடி வெல்வான் என்ற அச்சத்துக்கு மாற்று வேண்டுமே. கேள்விகளை முன்பே எழுதி வைப்பது. எல்லாக் குழுக்களுக்கும் அதே ஐந்து கேள்விகள். இரண்டு நடுவர்கள் கலந்து பேசாமல் தனித்தனியே மதிப்பெண் இடுவது. நாவால் சொல்லக் கூசும் பிள்ளை விசைப்பலகையில் செய்து காட்டினாலும் முழு மதிப்பெண் தருவது. நால்வரில் ஒருவனே உழைத்து மூவர் உடன் நின்றால் என்ன செய்வது? யார் எந்தக் கேள்விக்கு விடை சொல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம் என்றார் ஆசிரியை. குழுவிலே விளங்காத பிள்ளைக்கு விளங்கிய பிள்ளை ஓதிக்கொடுக்க அதைவிட நல்ல தூண்டுதல் இராது.

பணத்தைப் பற்றியும் பேசினோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970களில் உட்டி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர், 2.70 என்ற எண்ணுடைய வடிவமைப்புப் பாடத்தில், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே வகைப் பொருள்கள் அடங்கிய பெட்டியைக் கொடுத்துப் போட்டி நடத்தினார். பெட்டி ஒன்றாக இருக்கும்போது அறிவு மட்டுமே வேறுபடும். எங்கள் பள்ளியிலும் பழைய மாணவர் சிலர் உதவியால் ஆறு பெட்டிகள் வாங்க முடிந்தது. வெளியிலிருந்து 300 ரூபாய்க்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. வாங்கியதற்குச் சீட்டு வேண்டும். தோற்றத்துக்கு இருந்த 20 மதிப்பெண்ணை நான் ஒரேயடியாக நீக்கச் சொன்னேன். தொடக்கத்தில் ஆசிரியைக்கு மனம் வரவில்லை. மின்னும் விளக்குகளை நினைவூட்டியதும் ஒத்துக்கொண்டார்.

புதிய தாளில் ஓட்டத்துக்கு 30. நிரலை வரி வரியாக விளக்குவதற்கு 25. நாள்தோறும் எழுதும் குறிப்பேட்டுக்கு 20. அந்த இடத்திலேயே கேட்கும் ஒரு மாற்றத்தைச் செய்து காட்டுவதற்கு 15. அறிக்கைக்கு 10. குறிப்பேட்டில் நின்றுபோன ஓட்டங்களையும் தேதியிட்டு எழுத வேண்டும்; ஏன் நின்றது என்று எழுதிய பக்கத்துக்கே அதில் அதிக மதிப்பு. ஓடிய நாளுக்கு எழுத ஒன்றுமிராது, நின்ற நாளுக்குத்தான் எழுத இருக்கும். பிறருடைய நிரலை எடுத்தாலும், இயந்திரத்திடம் கேட்டு வாங்கினாலும் குற்றமில்லை. எங்கிருந்து எந்த வரிகள், அவற்றில் எதை ஏன் மாற்றினோம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு அல்ஜஸரீயின் பெயரைத் தாளில் போடலாமா என்று கேட்டேன். பிள்ளைகள் பாடப்பகுதி என்று எண்ணி அஞ்சுவார்கள் என்று ஆசிரியை தடுத்துவிட்டார்.

தாளைச் சுவரில் ஒட்டிய மறுநாளே ஒரு தந்தையார் என்னைத் தேடி வந்தார். சென்ற ஆண்டு 3,500 ரூபாய் கொடுத்தவரேதான். அவருடைய இளைய மகன் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு. "ஹஜ்ரத், இந்த 25 மார்க்குக்கு எங்கே ட்யூஷன் இருக்கு?" என்று கேட்டார். மாலையில் பிள்ளையை ஆய்வகத்தில் விட்டுவிட்டுப் போங்கள், காசு வேண்டாம் என்றேன். நம்பாதவர் போல என்னைப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பையன் வருகிறான்.

அவனுக்குச் சொல்லிக் கொடுப்பவள், சென்ற ஆண்டு நான்காம் இடம் பெற்ற அந்தப் பெண்பிள்ளை. இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குப் படிக்க வேண்டியவள். ஆயினும் செவ்வாயும் வியாழனும் அரைமணி நேரம் ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். வண்டியின் மூக்குக்கு அடியில் சென்சார்களைச் சுற்றிக் கறுப்பு அட்டைத் தாளை வெட்டிப் பாவாடை போல ஒட்டியிருந்தார்கள். அது தரையை உரசாமல் இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும் என்று அவள் சொல்ல, பையன் கத்தரிக்கோலும் அளவுகோலுமாக நறுக்கிக்கொண்டிருந்தான். "தாளுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டேன். "ரெண்டு ரூபா ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, சாளரத் திரையை விலக்கி வெயிலை உள்ளே விட்டாள்.